பள்ளியா, இல்லமா? பெருந்தொற்றுக் காலக் கல்வி பற்றிய ஓர் ஆய்வு

கல்வி என்பது ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குச் செல்லும் சொல்லோடு முடிந்துவிடுவதில்லை. ஓரிடத்தில், ஒரு பொழுதில், உடன்பயில்வோர் நடுவே நிகழும் தொழில் அது. இவ்வுண்மையைத் தமிழாசிரியர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், அவ்விடம் இல்லாது போனால் கல்வியில் எஞ்சுவது எவ்வளவு, இழக்கப்படுவது எவ்வளவு என்று அளந்து பார்க்கும் தேவை 2020ஆம் ஆண்டுவரை பெரிதாக எழவில்லை. அவ்வாண்டு பரவிய கோவிட்-19 பெருந்தொற்று உலகெங்கும் பள்ளி வாயில்களை அடைத்தது. ஐக்கிய நாட்டு மன்றத்தின் கணக்குப்படி 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர் அதனால் தாக்குற்றனர். நோய் தணியும்வரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கட்டும் என்றனர் ஒரு சாரார். பள்ளிக்கு வந்தாலன்றிக் கல்வி நிகழாது என்றனர் மற்றொரு சாரார். பேராக் மாநிலத்துத் தாப்பா போன்ற ஊர்களில் இவ்வழக்கு வீட்டுக்கு வீடு நடந்தது. இரு சாரார் கூற்றையும் நடுநின்று நோக்கி, அதிலிருந்து தமிழ்ப்பள்ளிகள் பெறத்தக்க முடிபைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளிகள் மூடிய வரலாறு

மலேசியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நாள் 2020 சனவரி 25. மார்ச்சு 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச்சு 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகளுக்கு அப்போது ஒரு வார விடுமுறை. அவ்விடுமுறைக்கு வீடு சென்ற பிள்ளைகள் மறுவாரம் திரும்பவில்லை.

பின்னர்ப் பள்ளிகள் திறக்கப்பட்ட வரிசை கருதத்தக்கது. சூன் 24ஆம் நாள் அரசுத் தேர்வு எழுதவிருந்த ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர் முதலில் அழைக்கப்பட்டனர். சூலை 15ஆம் நாள் ஏனைய இடைநிலை வகுப்பினரும் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் திரும்பினர். முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையுள்ள சிறுவர் இறுதியாகச் சூலை 22ஆம் நாள் திரும்பினர். நவம்பர் 9ஆம் நாள் நாடெங்கும் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

2021ஆம் ஆண்டின் கல்வித் தவணை சனவரி 20ஆம் நாள் வீட்டிலேயே தொடங்கியது. இம்முறை திறப்பின் வரிசை மாறியது. மார்ச்சு 1ஆம் நாள் பாலர் பள்ளியினரும் முதலாம், இரண்டாம் ஆண்டுச் சிறுவரும் தொடக்கப்பள்ளியில் முதலில் அழைக்கப்பட்டனர். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையினர் மார்ச்சு 8ஆம் நாள் வந்தனர். எனினும் மே மாதத்தில் நோய் மீண்டும் பெருகவே வாயில் அடைபட்டது. அக்டோபர் 3ஆம் நாளுக்குப் பின்னரே படிப்படியாகத் திறந்தது.

2020 சனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். அப்பிள்ளை மார்ச்சு நடுவரை ஏறத்தாழ 10 வாரமும், சூலை 22 முதல் நவம்பர்த் தொடக்கம்வரை ஏறத்தாழ 15 வாரமும் வகுப்பறையில் இருந்தது. எழுத்தறியும் முதல் ஆண்டில் அதற்குக் கிட்டியது 25 வாரமே. இரண்டாம் ஆண்டில் மார்ச்சு முதல் மே வரை கிட்டியது அதனினும் குறைவு. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் கற்று, சொல்லைக் கூட்டி, வாக்கியத்தைப் படிக்கத் தொடங்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

தேர்வுகளும் குலைந்தன. 1988ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2020இல் கைவிடப்பட்டது. 2021 ஏப்பிரல் மாதத்தில் அது முற்றாக நீக்கப்படுவதாகக் கல்வியமைச்சு அறிவித்தது. 2020ஆம் ஆண்டுக்குரிய எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று.

கருவியும் கைக்கெட்டாத கல்வியும்

இல்லிருப்புக் கற்றலுக்குக் கருவி வேண்டும். 2020இல் கல்வியமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரின் நிலையைப் பெற்றோரிடம் கேட்டறிந்தது. அவர்களுள் 36.9 விழுக்காட்டினருக்கு எவ்வகை மின்கருவியும் இல்லை. திறன்பேசி உடையோர் 46 விழுக்காட்டினர். மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினரே. எனவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயங்கலைக் கல்வி என்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு திரையாகவே இருந்தது; மூவரில் ஒருவருக்கு அதுவும் இல்லை.

இக்குறையைப் போக்க முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. 2021 பிப்ரவரி 17ஆம் நாள் டிடிக் டிவி என்னும் கல்வி அலைவரிசை தொடங்கியது. டெலிமா என்னும் இணையக் கற்றல் தளம் 2020 சூன் மாதத்தில் திறக்கப்பட்டது. செர்டிக் திட்டத்தின்வழி 1,50,000 கருவிகளை வறிய குடும்பத்து மாணவருக்கு வழங்கும் ஏற்பாடும் 2021இல் தொடங்கியது. அமைச்சின் வழிகாட்டியும் இல்லிருப்புக் கற்றலை இயங்கலை ஒன்றாக மட்டும் கருதவில்லை. இணையத்தின் வழி கற்பித்தல், இணையமின்றி ஏடும் பயிற்சித்தாளும் கொண்டு கற்பித்தல், பள்ளிக்குப் புறத்தே வேறோரிடத்தில் கற்பித்தல் என மூவகையை அது வகுத்துக் காட்டியது. இம்மூன்றாம் வகை போதிய கவனம் பெறவில்லை. அதன் பயன் பின்னர் விளங்கும்.

தாப்பா வட்டாரத்தின் நிலை

தாப்பா, பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகர். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை இங்கிருந்துதான் புறப்படுகிறது. அச்சாலையின் இருமருங்கும் ஓராங் அஸ்லி மக்களின் சிற்றூர்கள் உள்ளன. மறுபுறம் தாப்பா ரோடு, பீடோர், தெமோ எனச் சமவெளி ஊர்கள் விரிகின்றன. ஒருகாலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று பெரும்பகுதி செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டு ஊர்ப்புற மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இல்லை. மலேசிய மாநிலங்களுள் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ளது பேராக் மாநிலமே.

இத்தகைய குடும்பங்களில் இல்லிருப்புக் கற்றல் எவ்வாறு நடந்தது? வீட்டில் ஒரு திறன்பேசி இருக்கும்; அது தந்தையுடனோ தாயுடனோ வேலைக்குச் சென்றுவிடும். பெற்றோர் விடியுமுன் புறப்படுவர். காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் திரையில் தோன்றும்போது பிள்ளையின் கையில் கருவி இராது. பெற்றோர் திரும்பிய பின்னர் மூன்று பிள்ளைகள் ஒரு பேசியைப் பங்கிட வேண்டும். முன்கூட்டிப் பணம் கட்டிப் பெறும் இணையத் தரவு மாத நடுவே தீர்ந்துவிடும். செம்பனைக் காட்டிலும் மலையடியிலும் அலைவரிசை விட்டுவிட்டு வரும். ஆதலின் ஆசிரியர் பலர் நேரலை வகுப்பைக் கைவிட்டு, புலனக் குழுவில் இரவில் பாடம் அனுப்பினர். விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லித் திருத்தினர். இவ்வாறு வகுப்பு என்பது கடிதப் போக்குவரத்தாய் மாறியது.

மொழிப்பாடத்திற்கு இதில் தனித் தொல்லை உண்டு. கணக்குப் பாடத்தில் தடுமாறும் பிள்ளைக்கு, எம்மொழிப் பள்ளியில் படித்த பெற்றோரும் ஓரளவு உதவலாம். தமிழ்ப்பாடத்தில் அவ்வாறு இயலாது. தேசியப் பள்ளியில் பயின்ற பெற்றோர் பலர் தமிழ் பேசுவர்; தமிழ் எழுத்தைப் படிக்க அறியார். பாட்டியின் சொல்வளம் பெரிது, எழுத்தறிவு இல்லை. ணகரமும் நகரமும் னகரமும் வேறுபடும் இடத்தையும், லகர ளகர ழகரங்களுக்கு நா நிற்கும் நிலையையும் ஆசிரியர் தம் வாயசைவால் காட்டிப் பிள்ளையைத் திரும்பச் சொல்லவைத்துத் திருத்துவார். அறுந்து அறுந்து வரும் பேசியொலியில் இஃது இயலாது. எழுதுகோலைப் பிடிக்கும் சிறுவிரலை நிலைப்படுத்துவதும், எழுத்தின் சுழியை எங்கே தொடங்குவது என்று காட்டுவதும் அருகிருந்து செய்யும் பணிகளே.

இரு சாரார் கூற்று

பள்ளிகளை மூடியே வைக்க வேண்டும் என்றோரின் கூற்றில் வலுவில்லை எனல் பொருந்தாது. அவர்கள் முன்வைத்தது உயிரின் காப்பு. சிறுவருக்கு இந்நோய் பெரும்பாலும் கடுமையாவதில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. ஆயினும் சிறுவர் தனித்து வாழ்வதில்லை. லயத்து வீட்டிலும் மலிவுவிலை வீட்டிலும் தாத்தாவும் பாட்டியும் அதே அறையில் உறங்குவர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடைய முதியோருக்கு நோய் கொடிது. மலேசியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 பிப்ரவரி 24ஆம் நாள். அதற்கு முன்னர் முதியோரைக் காக்க விலகியிருத்தலன்றி வேறு பெரிய அரண் இருக்கவில்லை. 2021 ஏப்பிரலில் பள்ளிகள் திறந்திருந்தபோது கல்விக்கூடங்களிலும் நோய்த் திரள்கள் தோன்றின. அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் உறுதியாயிற்று. 2021 முடிவதற்குள் நாட்டில் 31,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். இவ்வெண்களை நோக்குவோர், மூடிய வாயிலை வெறும் அச்சம் என்று தள்ளிவிட மாட்டார்.

பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்றோர் சுட்டியது வேறோர் இழப்பு. மூடிய பள்ளி பாடத்தை மட்டும் நிறுத்தவில்லை. வறிய பிள்ளைக்குக் காலையில் கிடைத்த ஆர்.எம்.டி. எனப்படும் கூடுதல் உணவும் நின்றது. பெற்றோர் வேலைக்குச் செல்லும் வீட்டில் பிள்ளையைக் காக்கும் இடமும் இல்லாது போயிற்று. மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றது. பதின்மவயதினர் சிலர் சிறு வேலைக்குச் சென்றனர். அவர்களைப் பள்ளிக்கு மீட்பது அரிதாயிற்று. ஐக்கிய நாட்டுச் சிறுவர் நிதியம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, பள்ளிகள் மூடியபோது தொலைக்கல்வி எவ்வகையிலும் எட்டாத பிள்ளைகள் உலகில் 46 கோடிக்கும் மிகுதி.

ஆக, ஒரு சாரார் முதியோரின் உயிரை எண்ணினர். மற்றொரு சாரார் சிறுவரின் எதிர்காலத்தை எண்ணினர். ஒரே கூரையின் கீழ் இருவரும் வாழும் வீடுகளில் இவ்வழக்கு எவ்வளவு கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

முன்னை நிகழ்ச்சிகள்

இவ்வழக்கு 2020இல் புதிதாய்ப் பிறந்ததன்று. 1918இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சா நோயின்போது அமெரிக்க நகரங்கள் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிக்காகோவும் மூடவில்லை. நியூயார்க் நகர நலவாழ்வு ஆணையர் இராயல் கோப்லாந்து கூறிய காரணம் தோட்டப்புறத்தை அறிந்தோருக்கு வியப்பளிக்காது. அந்நகரத்து ஏறத்தாழ 10 இலட்சம் மாணவரில் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமும் குன்றிய நெரிசலான அடுக்கு வீடுகளில் வாழ்ந்தனர். அவ்வீட்டைவிடப் பள்ளிக்கட்டடம் தூயது. அங்கே நாள்தோறும் ஆசிரியர் பிள்ளைகளை நோக்கி, நோய்க்குறி கண்டால் பிரித்துவைப்பர். மருத்துவரும் செவிலியரும் பள்ளியோடு இணைந்திருந்தனர். பள்ளி அவ்வாறு ஒரு காவல்நிலையமாய்ப் பயன்பட்டது. இம்முறை எங்கும் பொருந்தும் என்பதற்கில்லை. நியூயார்க்கில் பள்ளி மருத்துவ ஏற்பாடு அதற்குப் பல்லாண்டு முன்பே வேரூன்றியிருந்தது. பள்ளியைத் திறந்துவைப்பதற்கு ஆயத்தம் முன்னரே வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

தொலைக்கல்விக்கும் முன்னோடி உண்டு. 1937 செப்டம்பரில் சிக்காகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பள்ளித் திறப்பு தள்ளிப்போகவே, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள ஏறத்தாழ 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தப்பட்டது. வானொலி நிலையங்கள் நேரத்தைக் கொடையாக அளித்தன. நாளிதழ்கள் பாட அட்டவணையை வெளியிட்டன. பெற்றோரின் ஐயங்களைத் தீர்க்கத் தொலைபேசியருகே ஆசிரியர் அமர்த்தப்பெற்றனர். சில வாரங்களில் பள்ளி திறந்தது, முயற்சி முடிந்தது. அன்று எழுந்த முறையீடுகள் எவை? சில வீடுகளில் வானொலி இல்லை. சில இடங்களில் ஒலி தெளிவாக வரவில்லை. பாடம் விரைந்து ஓடியதால் பிள்ளைகள் பின்தொடர இயலவில்லை. எண்பது ஆண்டுக்குப் பின்னர்த் தாப்பாவில் எழுந்த முறையீடுகளும் இவையே. கருவி மாறியது; குறை மாறவில்லை. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வானொலிப் பாடம் அமைக்கப்படாமையும் நோக்கத்தக்கது.

நன்னூலார் வகுத்த பங்கீடு

இக்குறையின் வேரைக் காணத் தமிழ்நூல் ஒன்றே போதிய துணையாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணவர் இயல்பு, கற்கும் முறை ஆகியவற்றை முறையாக உரைக்கிறது. கற்பிப்பவர் தக்க இடமும் பொழுதும் பார்த்து, மாணவரின் ஏற்குந் திறத்தை அறிந்து பாடஞ் சொல்ல வேண்டும் என்பது அதன் கொள்கை. கல்வி நிறையும் வகையையும் அந்நூல் ஒரு பங்கீடாகத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டு மனங்கொண்டாலும் மாணவர் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன்பயிலும் மாணவரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு சேரும். தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிறையும்.

இப்பங்கீட்டை இல்லிருப்புக் கற்றலின்மேல் வைத்துப் பார்க்கலாம். திரையிலும் தொலைக்காட்சியிலும் வந்தது முதற் காற்பங்கு. அதுவும் கருவியும் அலைவரிசையும் வாய்த்த பிள்ளைக்கே. மாணவர் முகங்காட்டாத திரையில் ஆசிரியர் ஏற்குந் திறத்தை அறிவதெப்படி? புரியாத பிள்ளையின் நெற்றிச் சுருக்கத்தைக் கண்டு பாடத்தைத் திருப்பிச் சொல்லும் வாய்ப்பு அங்கே இல்லை. உடன்பயில்வோரால் வரும் காற்பங்கு வீட்டில் அறவே இல்லை. எடுத்துரைத்தலால் வரும் அரைப்பங்கும், கேட்பார் இன்மையால் பெரும்பாலும் நின்றது.

நன்னூலாரின் இக்கருத்து ஏட்டில் மட்டும் கிடந்ததன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்வான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்டுரு பெல் என்பவர், உள்நாட்டுப் பள்ளிகளில் மாணவரே மாணவருக்குக் கற்பித்தலையும், மணலில் எழுதிப் பழகுதலையும் கண்டு கைக்கொண்டார். 1797இல் இங்கிலாந்தில் அதனை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரோடு அது மேனாடுகளில் பரவியது. ஒருவரையொருவர் கண்டு கற்பதே அம்முறையின் உயிர்.

இழப்பின் அளவு

நெதர்லாந்து நாட்டில் பள்ளிகள் ஏறத்தாழ எட்டு வாரமே மூடியிருந்தன. இணைய வசதியில் முன்னணியில் நிற்கும் நாடு அது. அங்கு 3,50,000 தொடக்கப்பள்ளி மாணவரின் தேர்வு விவரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வீட்டிலிருந்த காலத்தில் மாணவர் பெற்ற முன்னேற்றம் மிகச் சிறிது அல்லது இல்லை என்று கண்டது. கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் இழப்பு 60 விழுக்காடுவரை மிகுதியாய் இருந்தது. எல்லா வசதியும் உள்ள நாட்டில் எட்டு வாரத்திற்கே இந்நிலை.

தமிழ்நாட்டின் சான்று தமிழாசிரியருக்கு இன்னும் நெருக்கமானது. அங்குத் தொடக்க வகுப்புகள் ஏறத்தாழ 18 மாதம் மூடியிருந்து 2021 நவம்பர் 1ஆம் நாள் திறந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பொருளியல் அறிஞர் சிலர் தொடர்ந்து சோதித்தனர். 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019இல் அதே வயதில் இருந்தோரைவிடக் கணக்கில் பெரிதும் பின்தங்கியிருந்தனர். தமிழில் ஏற்பட்ட இழப்பு கணக்கின் இழப்பில் ஏறத்தாழப் பாதி. மொழி இழப்பு குறைந்ததற்குக் காரணம் ஊகிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்தால் கடைப்பலகையிலும் பேருந்திலும் சுவரொட்டியிலும் தமிழ் எழுத்தைக் காண்கிறது. தாப்பாவில் பிள்ளை தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள் பள்ளியும் கோயிலும் ஒருசில கடைகளுமே. பள்ளி மூடினால் அங்குத் தமிழ் எழுத்தே கண்ணினின்று மறைகிறது. ஆதலின் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் மொழி இழப்பைத் தமிழ்நாட்டு அளவைக் கொண்டு குறைத்து எண்ணுதல் பிழையாகும்.

அதே ஆய்வு ஆறுதலும் தருகிறது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இழந்த கல்வி திரும்பாதது அன்று. திரும்பக் கற்பிக்க வேண்டும், அவ்வளவே.

இடைவழி

திரையும் வேண்டா, நெரிசலான வகுப்பறையும் வேண்டா என்னும் காலத்திற்கு ஓர் இடைவழி உண்டா? உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் சான்று. 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதனைத் தொடங்கிவைத்தார். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் வாழும் தெருவிலேயே மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் கற்பித்தனர். ஒரு குழுவில் ஏறத்தாழ 20 பிள்ளைகள். தன்னார்வலராய் வந்தோர் ஏறத்தாழ 2 இலட்சம், பெரும்பாலோர் பெண்கள். முன்னர்க் கூறிய ஆய்வின்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் மீட்ட கல்வியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது. மலேசியக் கல்வியமைச்சின் வழிகாட்டி கூறிய மூன்றாம் வகை, அதாவது பள்ளிக்குப் புறத்தே கற்பித்தல், இதனையே ஒத்தது.

கருவியில்லா வீட்டிற்கும் வழியுண்டு. ஆப்பிரிக்க நாடாகிய போட்சுவானாவில் 2020இல் நடந்த ஓர் ஆய்வில், சில பெற்றோருக்கு எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாய் அனுப்பப்பட்டன. வேறு சிலருக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை ஏறத்தாழ 20 நிமிடம் ஆசிரியர் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற வீடுகளில் பெரும்பயன் காணப்படவில்லை. ஆசிரியர் பேசிய வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினர். இதற்குத் திறன்பேசி வேண்டியதில்லை. பழைய பொத்தான் பேசியே போதும். புலனக் குழுவில் நாற்பது பேருக்கு ஒரே பயிற்சித்தாளை அனுப்புவதைவிட, ஒவ்வொரு பிள்ளையையும் வாரத்தில் ஒருமுறை பெயர்சொல்லி அழைத்து, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்பது பயன் மிக்கது என்பது இதனால் பெறப்படும்.

எவரை முதலில் அழைப்பது?

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கின், பள்ளியா இல்லமா என்னும் வினா உரிய முறையில் எழுப்பப்படவில்லை என்பது புலனாகும். எந்தப் பிள்ளைக்கு, எந்தப் பாடத்திற்கு, நோயின் எந்நிலையில் என்று கேட்டால்தான் விடை கிட்டும்.

நூலைத் தானே படிக்க வல்ல ஐந்தாம் படிவ மாணவர் திரையால் ஓரளவு பயன் பெறுவர். எழுத்தறியாச் சிறுவர் பெறார். ஆயினும் 2020இல் தேர்வு எழுதுவோர் முதலிலும் எழுத்தறியாதோர் இறுதியிலும் அழைக்கப்பட்டனர். டென்மார்க்கு நாடு 2020 ஏப்பிரல் 15ஆம் நாள் பள்ளிகளைத் திறந்தபோது சிறுவரையே முதலில் அழைத்தது. 2021 மார்ச்சில் மலேசியத் தொடக்கப்பள்ளிகளிலும் அவ்வரிசை வந்தது. அதுவே தக்க வரிசை. தேர்வைத் தள்ளிவைக்கலாம், எழுத்தறியும் பருவத்தைத் தள்ளிவைத்தல் அரிது.

அடுத்து, பள்ளியின் அளவு. 150க்குக் குறைந்த மாணவரையுடைய பள்ளியை மலேசியக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையின. மாணவர் குறைவு பிற காலங்களில் கவலைக்குரியது. நோய்க்காலத்தில் அஃது ஒரு நன்மை. பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் இடைவெளி விட்டு அமர்த்தலும், சாளரங்களைத் திறந்துவைத்தலும், மரநிழலில் பாடம் நடத்தலும் எளிது. ஆயிரம் மாணவர் பயிலும் நகரப் பள்ளிக்கும் தோட்டப் பள்ளிக்கும் ஒரே ஆணை பொருந்தாது. நோயின் நிலையும் பள்ளியின் அளவும் நோக்கி, மாவட்ட அளவில் முடிவெடுக்கும் உரிமை வேண்டும்.

இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமும் இதனை நினைவூட்டுகிறது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்பள்ளிகள் பலவும் கொட்டகைகளே; கற்பித்தவர் கங்காணியாகவோ கிராணியாகவோ எழுத்தறிந்த தொழிலாளியாகவோ இருப்பார். குறைகள் மலிந்த ஏற்பாடுதான். எனினும் பிள்ளை இருக்கும் இடத்திற்குப் பள்ளியைக் கொண்டுசென்றது அது. பெருந்தொற்றுக் காலத்தில் தேவைப்பட்டதும் அதுவே. லயத்து வெளியில், கோயில் மண்டபத்தில், மண்டபம் இல்லையேல் மரத்தடியில், அவ்வூரில் எழுத்தறிந்த ஓர் அக்காளைக் கொண்டு பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் படிக்கச் சொல்லித்தர இயலுமாயின், நன்னூலார் கூறிய முக்காற்பங்கு வீணாகாது.

இதற்கான ஆயத்தம் நோய் வருமுன் செய்யத்தக்கது. ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் வீட்டுநிலை பற்றிய குறிப்பேடு வேண்டும். எவ்வீட்டில் கருவி உண்டு, எவ்வீட்டில் தமிழ் படிக்க அறிந்தவர் உண்டு, எவ்வீட்டில் முதியோர் நோயுற்றுள்ளனர் என்பன அதில் இருத்தல் நலம். முதல் மூன்று ஆண்டுகளுக்குரிய அச்சிட்ட பயிற்சிநூல் ஒரு தவணைக்கு முன்கூட்டியே கையிருப்பில் வேண்டும். ஊர்தோறும் கற்பிக்க ஒப்பும் இளைஞர் எவர் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அறிந்துவைத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

2020இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கின்றனர். அவர்களுள் தமிழைத் தடுமாறிப் படிப்போர் இருப்பின், அதனை அப்பிள்ளைகளின் மந்தம் என்று கருதுதல் அறமாகாது. அவர்களுக்கு வரவேண்டிய வாரங்கள் வரவில்லை. அவ்வாரங்களை எண்ணிப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் உலகம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.